முத்தின் திசையும் காந்தத்தின் திசையும்

பாண்டிய நாட்டுக் கீழைக் கடற்கரையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், கொற்கையின் புகழையும் பழைய காயலின் செல்வத்தையும் தூத்துக்குடியின் கப்பல் வாணிபத்தையும் விரித்துரைத்து, முத்தினால் அரசர்கள் பெற்ற வரியையும் வணிகர்கள் அடைந்த லாபத்தையும் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆயினும் அந்த முத்தை விரல்களுக்கிடையே ஏந்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த கண்கள் எந்த வினாவைக் கேட்டன என்பதும், அதே வினாவை இன்றைய பௌதிக சாஸ்திரம் காந்தப் பொருள்களிடம் எங்ஙனம் கேட்கிறது என்பதும் தனியே ஒரு சரித்திரமாகச் சொல்லத்தக்கவை. எத்திசையில் நோக்கினும் ஒரே தன்மையாகத் தோன்றும் ஒரு பொருள், தன்னுள்ளே ஒரு குறிப்பிட்ட திசையை மறைத்து வைத்திருக்கிறதா, மறைத்திருப்பின் அதைப் பிளக்காமலே ஒளியின் துணையால் அறிய இயலுமா என்பதே அந்த வினா. இதற்கு விடை காண உதவிய கருவிகளுள் தலையாயவை இரண்டு, காவிரிக் கரையில் பிறந்த ஒருவராலும் பழைய திருநெல்வேலி ஜில்லாவில் பிறந்த ஒருவராலும் உலகுக்குக் கிடைத்தன என்பது தமிழர் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

கொற்கை முத்தைப் பற்றிய அந்நிய நாட்டார் குறிப்புகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று, கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மாலுமி ஒருவரின் கடல்வழி நூலில் காணப்படுவது. பாண்டியனின் ஆட்சிக்குட்பட்ட அவ்விடத்தில் தண்டனை பெற்ற கைதிகள் முத்துக்குளிக்கும் வேலையில் ஏவப்பட்டார்கள் என்று அந்நூல் கூறுகிறது. தாமிரவருணி கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்கவே கொற்கை துறைமுகமாகும் தகுதியை இழந்து, காயல் அதன் இடத்தைப் பெற்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்தெடுப்பில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறா முதலிய கொடிய மீன்கள் குளியாளிகளைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதை எழுதி வைத்திருக்கிறார். அந்த மந்திரக்காரர்களைக் கடல்கட்டிகள் என்று கரையோர மக்கள் நெடுங்காலம் அழைத்து வந்தார்கள். 1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியதும், 1542இல் சவேரியார் வந்ததும், 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும், 1825இல் அது முடிவாக ஆங்கிலேயரிடம் சேர்ந்ததும் பலரும் அறிந்தவையே. கொடிகள் மாறினவே ஒழிய, கடலடியில் கிடந்த பார்கள் என்னும் சிப்பிப் படுகைகளும், அவற்றின்மேல் நடந்த சலாபம் என்னும் முத்துக்குளிப்பும், சலாபத்தின் உழைப்பும் மாறவில்லை.

சலாபம் கூடும் பருவத்தில், காற்று அடங்கிக் கடல் தெளிந்திருக்கும் மாசி, பங்குனி மாதங்களில், தொள்ளாயிரம் பார் போன்ற பெயர் பெற்ற இடங்களுக்கு விடியுமுன் தோணிகள் செல்லும். குளியாளி கல் கட்டிய கயிற்றைக் காலில் கோத்துக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் வரையுள்ள ஆழத்துக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷ நேரம் மூச்சடக்கி, கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் திரட்டிக்கொண்டு, கயிற்றை அசைத்துச் சைகை செய்ய, மேலே நிற்பவன் அவனை இழுத்தெடுப்பான். ஆங்கில அரசாட்சியின் காலத்தில் பெரும்பாலும் சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கும் ஒரு பங்கு குளியாளிகளுக்கும் உரியனவாயின. சர்க்கார் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று திறக்கப்படாமலே ஏலத்தில் விடப்பட, நாட்டுக்கோட்டை நகரத்தாரும் கீழக்கரை, காயல்பட்டினத்து மரைக்காயர்களும் பிற வணிகர்களும், உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமலே விலை கூறினார்கள். உயிரைப் பணயம் வைத்தவன் மூன்றிலொரு பங்கோடு திரும்பிய அந்த ஏற்பாட்டில் நியாயக் குறைவு உண்டென்பதை மறைப்பதற்கில்லை. முத்தின் சரித்திரத்தைச் சொல்லும் எவரும் குளியாளியின் நுரையீரலை மறந்து பேசுதல் தகாது.

சிப்பிகள் அழுகி, கழுவப்பட்டு, முத்துகள் பிரிந்த பின்னரே வணிகனின் வித்தை தொடங்கும். துளைகளின் அளவு படிப்படியாகக் குறையும் பித்தளைச் சல்லடைகள் அடுக்கில் முத்துகள் முதலில் பருமனால் பிரிக்கப்படும். அதன் பிறகு உருட்சி, ஒளி என்னும் இரண்டினால் மதிப்பிடப்பட்டு, இரண்டிலும் குறைவற்றது ஆணி என்றும், சற்றே குறைந்தது அனதாரி என்றும், மேலும் குறைந்தவை வேறு பெயர்களாலும் வகுக்கப்படும். உருட்சியையும் ஒளியையும் ஒருங்கே வைத்து மதிப்பிட்ட இந்த வழக்கம் ஆழ்ந்த பொருளுடையது. ஏனெனில் உருட்சி என்பது எல்லாத் திசையும் சமமாயிருக்கும் நிலை, ஒளியோ அந்நிலைக்கு வெளியே வந்து சாட்சி சொல்லும் பொருள். சாஸ்திரத்தில் சமச்சீர்மை என்று வழங்கும் தத்துவத்தை, அப்பெயர் அறியாமலே, கொற்கைக் கரையின் கண்கள் அனுபவத்தால் பயின்றிருந்தன.

முத்துக்கு அந்தப் பிரகாசம் எவ்வாறு வந்தது? சிப்பியின் உட்புறத்து மெருகும் முத்தும் ஒரே பொருளால் ஆனவை. அரகோனைட் என்னும் சுண்ணாம்பு ஸ்படிகத்தின் மெல்லிய தகடுகள், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு கனமுடையனவாய், இடையிடையே ஒரு வகைப் புரதத்தால் ஒட்டப்பட்டு, ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அத்தகட்டின் கனம் ஒளியலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்கதாயிருப்பதால், அடுக்குகளிலிருந்து திரும்பும் கிரணங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் வானவில்லின் சாயல்களைப் பிறப்பிக்கின்றன. ஸ்காட்லாந்து தேசத்து டேவிட் புரூஸ்டர், சிப்பியின் மேற்பரப்பை மெழுகில் அழுத்தியெடுத்தால் மெழுகும் அதே நிறங்களைக் காட்டுவதை 1814இல் வெளியிட்டு, நிறத்தின் ஒரு பகுதி மேற்பரப்பின் நுண்ணிய வரிகளால் விளைவதென்று நிறுவினார். காவிரிக் கரையில் பிறந்தவரான சந்திரசேகர வேங்கட ராமன் 1930களில் பெங்களூரில் சிப்பிகளின் நிறங்களை ஆராய்ந்து பல கட்டுரைகள் எழுதியதோடு, 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் அமைப்பையும், அதனூடே பரவிவரும் ஒளியைச் சூழ்ந்து தோன்றும் வர்ண வளையத்தையும் ஆராய்ந்தார். நோபல் பரிசு பெற்றுக் கால் நூற்றாண்டு நெருங்கிய வயதிலும், ஒரு சிறு மணியினுள் புகுந்த வெளிச்சம் எப்படிச் சிதறி வெளிவருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்த அம்மேதையின் ஆர்வம், முத்து வணிகனின் ஆர்வத்துக்குப் பல வழிகளில் உறவுடையதே.

இதற்கு முன்னரே முத்துலகைக் கலங்கச் செய்த ஒரு நிகழ்ச்சி கடல் கடந்த தேசத்தில் நிகழ்ந்தது. ஜப்பானிய மிகிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைவட்ட முத்தைச் சிப்பிக்குள் வளர்த்தெடுத்தார். அதன் பின்னர் முழு உருண்டை முத்துகளும் வளர்க்கப்பட்டு, 1920களில் உலகச் சந்தையில் பெருகின. வேறு சிப்பியின் ஓட்டிலிருந்து கடைந்த மணியொன்றைச் சிப்பிக்குள் வைத்து, அதன்மேல் மெல்லிய முத்துப்படலம் படியச் செய்வதே அம்முறை; புறத்தே பார்ப்பவருக்கு இயற்கை முத்துக்கும் இதற்கும் பேதம் தெரியாது. பேதம் உள்ளே இருந்தது. இயற்கை முத்தில் அடுக்குகள் நடுவைச் சுற்றி வெங்காயத் தோல்போல் வளைந்து செல்வதால், நடுவிலிருந்து எந்தப் பக்கம் நோக்கினாலும் அமைப்பு ஒன்றே. வளர்ப்பு முத்தின் கருவிலோ அடுக்குகள் தட்டையாய் இணையாகக் கிடப்பதால், அவற்றுக்குச் செங்குத்தான ஒரு திசை மற்றத் திசைகளினின்றும் வேறுபட்டு நின்றது.

அந்த மறைந்த திசையைக் கண்டறிய 1920களில் இரண்டு அபூர்வமான உபாயங்கள் தோன்றின. ஒன்று, பாரீஸில் தோன்றிய ஒளிச்சோதனை: துளையிட்ட முத்தினுள், சாய்ந்த இரு சிறு கண்ணாடிகள் கொண்ட மெல்லிய ஊசியைச் செலுத்தி, முதற் கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பினால், இயற்கை முத்தில் அவ்வொளி வளைந்த அடுக்குகளின் வழியே சுற்றிச்சென்று இரண்டாம் கண்ணாடியை வந்தடையும், வளர்ப்பு முத்திலோ தட்டையடுக்குகளின் வழியே நேரே ஓடி வெளிப்புறத்தில் தோன்றிவிடும். மற்றொன்று காந்தச் சோதனை: வலிமை மிக்க மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே முத்தை நுண்ணிய இழையில் தொங்கவிட்டால், உள்ளே திசையற்ற இயற்கை முத்து அசையாதிருக்க, திசையுடைய கருவைக் கொண்ட வளர்ப்பு முத்து தானே திரும்பி ஒரு நிலையில் நிற்க முயலும். ஒளியும் காந்தமும், ஒரே வினாவுக்கு இரு சாட்சிகளாக, ஒரு முத்தின்முன் நின்றன.

ஸ்படிகமொன்றைக் காந்தப் புலத்தில் தொங்கவிட்டு அதன் உள்ளமைப்பை அளந்தறியும் கலையை உயர்ந்த நிலைக்குக் கொண்டுசென்றவர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். 1898இல் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் அவர் பிறந்தபோது, அவ்வூரும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி ஜில்லாவில் அடங்கியிருந்தன. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்ற அவர், கல்கத்தாவில் ராமனிடம் சேர்ந்து ஒளிச்சிதறலை ஆராய்ந்த பின், 1928இன் இறுதியில் டாக்கா சர்வகலாசாலைக்குச் சென்று காந்தவியலைத் தன் துறையாகக் கொண்டார். மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கும் ஸ்படிகத்தைச் சமமான காந்தப் புலத்தில் நிறுத்தி, இழையை முறுக்கிக்கொண்டே சென்று, ஸ்படிகம் சடுதியில் புரண்டு திரும்பும் கோணத்தை அளப்பதன் மூலம், திசைக்குத் திசை அதன் காந்தத்தன்மை எவ்வளவு வேறுபடுகிறதென்பதை அவரும் மாணவர் எஸ். பானர்ஜியும் மிக நுட்பமாகக் கண்டார்கள். அதிலிருந்து, எக்ஸ் கதிரின் உதவியின்றியே, ஸ்படிகத்துக்குள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து நிற்கின்றன என்று கூற முடிந்தது. பென்சிலுக்குரிய கிராபைட்டின் தகட்டு அமைப்பு காந்தத்தன்மையில் எத்தனை பெரிய வேறுபாட்டை விளைவிக்கிறதென்பதையும் அவர் ஆராய்ந்தார். தமிழிலும் ஸமஸ்கிருதத்திலும் ஆழ்ந்த புலமையுடையவராய், தாய்மொழியில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவராய், டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் டைரக்டராய் விளங்கி, 1961இல் அவர் மறைந்தார்.

இனி ஒளியின் பக்கம் வருவோம். 1921இல் கப்பலில் பயணம் செய்த ராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபிம்பம் அன்று, நீரின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாவதே என்று துணிந்தார். அந்த நீலத்திலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, ஏழாண்டு உழைப்புக்குப் பின், 1928 பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தா பௌபஜார் தெருவிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் முழுமை பெற்றது. ஒரே நிறமுள்ள ஒளி ஒரு பொருளின்மேல் பட்டுச் சிதறும்போது, அதன் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றத்தின் அளவு, பொருளின் அணுக்கள் எவ்வேகத்தில் அதிர்கின்றன என்பதைத் தெரிவிக்கிறது. கிருஷ்ணன் இந்த ஆராய்ச்சியில் ராமனுடன் இரவும் பகலும் உடனிருந்து உழைத்தார். நிறம் மாறிய ஒளி தளவிளைவு பெற்றிருப்பதை, அதாவது அதன் அதிர்வு ஒரு தளத்தில் மிகுந்திருப்பதை, அவ்விருவரும் ஆரம்பத்திலேயே கண்டறிந்தனர். இந்தத் தளவிளைவுதான் ஒளிக்குத் திசை அறியும் ஆற்றலைத் தருவது. ஸ்படிகத்தைத் திருப்பியும், செல்லும் ஒளியின் தளத்தையும் வெளிவரும் ஒளியின் தளத்தையும் ஒன்றுக்கொன்று இணையாகவும் செங்குத்தாகவும் மாற்றியும் பார்த்தால், எந்த அதிர்வு எந்தச் சமச்சீர்மையைச் சேர்ந்தது என்று தெரியவரும். சமச்சீர்மை குலைந்தால், அதுவரை தோன்றக்கூடாத கோடுகள் நிறமாலையில் தோன்றும்.

சமச்சீர்மை குலைதல் என்பது குறைபாடு போல ஒலிப்பினும், உலகில் உருவும் ஒழுங்கும் பிறக்கும் வழி அதுவே. வெப்பம் மிகுந்த நிலையில் இரும்பின் அணுக்காந்தங்கள் எத்திசையையும் விரும்பாமல் தாறுமாறாகக் கிடக்கின்றன. குளிரும்போது, வெளியிலிருந்து எவரும் ஏவாமலே, அவை ஒரு திசையைத் தேர்ந்து ஒருமுகமாக நிற்கின்றன. இங்கேதான் முத்துக்கும் காந்தத்துக்கும் உள்ள ஆழ்ந்த வேற்றுமை புலனாகிறது. வளர்ப்பு முத்தின் கருவிலுள்ள திசை, மனிதன் கடைந்து உள்ளே வைத்தது. காந்தத்தின் திசையோ எண்ணற்ற அணுக்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவினால் தாமே நிறுவிக்கொண்டது. அந்த மாற்றத்துக்கு 1937இல் பொதுவான கணித வடிவம் கொடுத்தவர் ரஷ்ய அறிஞர் லாண்டாவ்.

அத்தகைய மாற்றமொன்றை ஒளிச்சிதறலால் நேரே பின்தொடர்ந்த முதற் பரிசோதனைகளுள் ஒன்று நம் நாட்டில் நிகழ்ந்தது. குவார்ட்ஸ் ஸ்படிகம் 573 டிகிரி செல்ஷியஸில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அதற்கு மேலே ஆறுமடங்குச் சமச்சீர்மையுடன் இருப்பது, அதற்குக் கீழே மும்மடங்குச் சமச்சீர்மையாகக் குறைந்து, சரிசமமான இரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராமனும் டி. எம். கே. நெடுங்காடியும் ஸ்படிகத்தைச் சூடேற்றிக்கொண்டே சிதறும் ஒளியை ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட அதிர்வின் கோடு அந்த உஷ்ணநிலையை நெருங்க நெருங்க மெலிந்து பரவி இடம்பெயர்வதைக் கண்டு 1940இல் வெளியிட்டனர். மாற்றத்துக்குக் காரணமான அதிர்வு தளர்வதே மாற்றம் நெருங்குவதன் அறிகுறி என்ற கருத்து, சுமார் இருபதாண்டுகளுக்குப் பின் காக்ரன், ஆண்டர்சன் முதலியோரால் முழுத் தத்துவமாக வளர்ந்தது.

காந்தப் பொருள்களுக்கு இம்முறை சென்றடைய லேசர் கிரணம் வேண்டியிருந்தது. ஏனெனில் அணுக்களைக் காந்தமாக்கும் தற்சுழற்சியை ஒளி நேராகத் தொடாமல், எலெக்ட்ரானின் ஓட்டத்தின் வாயிலாக மறைமுகமாகவே தொடுவதால், அச்சிதறல் மிக மெலிது. லேசர் பிறந்து ஆறாண்டுகள் கழித்து, 1966இல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பால் ஃப்ளூரி, பிரேஸில் நாட்டவரான செர்ஜியோ போர்ட்டோ முதலியோர், இரும்பு ஃப்ளூரைடு என்னும் ஸ்படிகத்தில் காந்த அலைகளால் ஒளி சிதறுவதைக் கண்டார்கள். அந்த ஸ்படிகத்தில் அண்டை அணுக்காந்தங்கள் ஒன்றுக்கொன்று எதிர்முகமாக, பிரெஞ்சு அறிஞர் லூயி நீல் முன்னரே ஊகித்துரைத்த முறையில், சுமார் 78 கெல்வினுக்குக் கீழே அணிவகுக்கின்றன. ஒழுங்காக நிற்கும் அவ்வணியில் ஒன்று அசைந்தால் அசைவு அடுத்ததற்குப் பரவி அலையாகச் செல்லும். மாக்னான் எனப்படும் அந்த அலையின் சக்தியை, சிதறிய ஒளியின் நிறமாற்றம் அளந்து கூறுகிறது. இரண்டு மாக்னான்கள் ஒருங்கே எழுவதையும் ஒளி காட்டிக்கொடுத்தது.

எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று பெரிதும் கட்டுப்படுத்தி நிற்கும் பொருள்களில் இம்முறையின் பயன் மேலும் சிறந்தது. அத்தகைய பொருளில் ஓர் எலெக்ட்ரானின் போக்கைத் தனியே எடுத்துக் கணக்கிட இயலாது. அண்டையிலுள்ளவற்றின் நிலையோடு அது பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கும். 1986இல் உயர்வெப்ப மீக்கடத்திகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, அவற்றின் தாய்ப்பொருளான லாந்தனம் தாமிர ஆக்ஸைடு எத்தகைய காந்தம் என்ற வினா எழுந்தது. 1988இல் ஒளிச்சிதறல், அண்டைத் தாமிர அணுக்களின் காந்தப் பிணைப்பு 1,000 கெல்வினுக்கும் மிகுந்த வலிமையுடையதென்று தெரிவித்தது. முழு ஒழுங்கு குலையும் உஷ்ணநிலையோ சுமார் 325 கெல்வின்தான். அதற்கு மேலும் அந்தச் சிதறல் மறையாமல் நீடித்ததிலிருந்து, நெடுந்தூர ஒழுங்கு அழிந்த பிறகும் அண்டையயலார் உறவு அழிவதில்லை என்பது வெளிப்பட்டது. 2017இல் குரோமியம் அயோடைடின் ஒற்றை அடுக்கு, 45 கெல்வினுக்குக் கீழே காந்தமாகிறதென்பதை, பிரதிபலித்த ஒளியின் தளம் சற்றே சுழல்வதைக்கொண்டு அறிந்தார்கள்; நிறுத்தெடுக்கவோ தொட்டுப் பார்க்கவோ இயலாத அவ்வளவு மெல்லிய பொருளில் எந்தத் திசை தேர்ந்தெடுக்கப்பட்டதென்று சொல்ல, ஒளியே தகுந்த சாட்சியாயிற்று.

தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களுக்குப் பின் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. பார்களில் சிப்பி அருகிவிட்டது. ஆயினும் 1973 ஜூலையில், தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி, இந்நாட்டுச் சிப்பியிலேயே உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார். ஒரு காலத்தில் வணிகரைக் கலங்கச் செய்த வித்தையை, அக்கரையே கற்றுத் தன்வசமாக்கிக்கொண்டது.

ஆகவே முத்துக்கரையின் சரித்திரம் குளியாளியின் மூச்சோடும் வணிகனின் சல்லடையோடும் முடிந்துவிடுவதன்று. உருட்சியையும் ஒளியையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி இங்கே இரண்டாயிரம் ஆண்டுகள் தொழிலாக நடந்தது. ஒளியின் சிதறலாலும் காந்தத்தின் திருப்பத்தாலும் பொருளின் உள்ளமைப்பை அறியும் சாஸ்திரம், தமிழர் இருவரின் கைகளில் முதிர்ச்சி பெற்றது. தொழிலிலிருந்து சாஸ்திரம் பிறந்ததென்று கூறுவது மிகைப்படுத்துவதாகும். ராமனும் கிருஷ்ணனும் முத்துச் சந்தையில் பாடம் கேட்டவர்கள் அல்லர். ஆனால் ஒரே வினா, முதலில் வாழ்க்கைத் தேவையாலும் பின்னர் அறிவின் தாகத்தாலும், ஒரே நாட்டில் இருமுறை கேட்கப்பட்டது என்பது உண்மை. அதை அறிந்த மாணவனுக்கு, காந்த ஸ்படிகமும் லேசர் கிரணமும் அந்நிய தேசத்து ஆய்வுக்கூடத்தின் உடைமைகளாகத் தோன்றாமல், தன் ஊரின் நெடிய விசாரணையின் தொடர்ச்சியாகவே தோன்றும். கொற்கையிலும் தூத்துக்குடியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு முத்தின் பெருமையைச் சொல்லும் ஆசிரியர்கள், அரசர்களின் மணிமுடிகளோடு நின்றுவிடாது, ராமனும் நெடுங்காடியும் கண்ட மெலிந்த கோட்டையும், கிருஷ்ணன் தொங்கவிட்ட ஸ்படிகத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும். அப்போதுதான் அந்தப் பெருமை பழங்கதையாகத் தேங்கிவிடாமல், அடுத்த கேள்வியைக் கேட்கும் துணிவாக அப்பிள்ளைகளுக்குப் பயன்படும்.